ப்ளாங்க் கழிக்காத கணக்கு

ஒரு கிராமைப் பத்தாயிரம் பங்காக்கி, அதில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் காட்டிக்கொடுக்கும் தராசு முன்னால் நின்று சம்பாதிக்கிறவன் நான். திருப்போரூரை அடுத்த ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையில் கியூ.சி. கெமிஸ்ட்டாகச் சேர்ந்தவன். மாத்திரையில் மருந்து 99.4 சதமா, 99.6 சதமா என்று மல்லுக்கு நிற்பேன். அப்படிப்பட்டவன் தன் படிப்புக் கடனுக்குப் போட்ட கணக்கை ஆடிட்டர் யாராவது பார்த்தால் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரிப்பார்.

கணக்கு இதுதான். தனியார் கல்லூரியில் எம்.எஸ்சி. வேதியியல், விடுதியோடு சேர்த்து ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். கல்விக்கடன் 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்க மாட்டார்கள். அப்பா கூட நின்று கையெழுத்துப் போட்டால் போதும். 3 லட்சத்தை 84 மாதத்தால் வகுத்தேன். மாதம் 3,571 ரூபாய். ப்பூ, இவ்வளவுதானா!

வட்டி என்று ஒன்று இருப்பது தெரியாதா என்றால், தெரியும். 11 சதம் என்று எழுதிய தாளில் நானேதான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் “படிக்கிற வரைக்கும், அதுக்கு மேல ஒரு வருஷமும் கட்ட வேண்டாம்” என்று வங்கி மேனேஜர் சொன்னது என் காதில் “வட்டி ஓடாது” என்று விழுந்தது. அது ஓடியது. நான் விடுதியில் குப்புறப் படுத்துத் தூங்கிய மதியங்களிலும் ஓடியது. தனிவட்டிதான். ஆனாலும் தவணை தொடங்கிய நாளில் 82,500 சேர்ந்து, கடன் 3,82,500 ஆகியிருந்தது. படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வந்தால் ஒரு சதம் சலுகை உண்டு என்பதும் அந்தத் தாளிலேயே இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், கட்ட வேண்டாத அந்தப் பொற்காலத்தில், பைக் வாங்கினேன்.

மாதத் தவணை 6,550 என்றதும் என் முகம் போன போக்கைப் பார்த்து, “பதினஞ்சு வருஷமா நீட்டிக்கலாம் தம்பி, 4,350தான் வரும்” என்றார் மேனேஜர். பெருக்கிப் பார்த்தேன். 7.8 லட்சம். ஏழு வருஷத்தில் முடித்தால் ஐந்தரை லட்சம். வேண்டாம் சார் என்றேன். இந்த விவகாரம் முழுவதிலும் எனக்குச் சரியாக வந்த ஒரே கணக்கு அது.

ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு, அந்த இடைக்கால வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009-லிருந்து இருந்தது. ஆனால் தொழில்நுட்பப் படிப்புக்கும் தொழிற்படிப்புக்கும்தான். “கெமிஸ்ட்ரியும் தொழில்நுட்பம்தானே சார்?” என்று பியூரெட்டை விட நீளமாக வாதாடினேன். மேனேஜர் பொறுமையாகக் கேட்டு முடித்து, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

சம்பளம் மட்டும் ஒழுங்காகக் கணக்குப் போட்டேனா? ஆஃபர் லெட்டரில் 2,16,000 என்று இருந்ததைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 18,000 என்று வீட்டில் அறிவித்தேன். கம்பெனி கட்டும் பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும் அந்த 18,000-க்குள்ளேயே குடியிருந்தன. என் பங்கு பி.எஃப்., கேன்டீன், பஸ் எல்லாம் போகக் கையில் வந்தது 13,200. அதில் பாதி வங்கிக்கு. கல்விக்கடன் வட்டிக்கு 80ஈ பிரிவில் எட்டு ஆண்டு வரை வரிக்கழிவு உண்டு என்று கேள்விப்பட்டு வங்கிக்கு நடந்து சான்றிதழ் வாங்கினேன். அப்போது இரண்டரை லட்சத்துக்குக் கீழே வரியே கிடையாது. எதிலிருந்து கழிப்பது? கோப்பில் பத்திரமாக வைத்தேன்.

உண்மையில் நான் நம்பியிருந்தது நெட் தேர்வில் தேறினால் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். ஆராய்ச்சி உதவித்தொகையை. அப்போது மாதம் 25,000. 2019-ல் 31,000 ஆகி, 2023-ல் 37,000 ஆனது. அந்தப் பணத்தைத் தேர்வு எழுதும் முன்பே வருமானப் பக்கத்தில் எழுதிவிட்டேன். நெட் தேர்வின் ‘ஏ’ பகுதியில் சதவீதம், விகிதம் என்று பள்ளிக்கூடக் கணக்கு வரும். அதில்தான் சறுக்கினேன் என்று சொன்னால் கதை கட்டுகிறேன் என்பீர்கள்.

எல்லாவற்றிலும் பெரிய அசட்டுத்தனம் வேறு. டைட்ரேஷன் செய்கிறவர்களுக்குத் தெரியும்: சாம்பிள் போடாமல் வெறும் கரைப்பானை வைத்து ஒருமுறை ஓட்டி, அது எத்தனை மில்லி குடிக்கிறது என்று பார்த்து, சாம்பிள் ரீடிங்கிலிருந்து கழிக்க வேண்டும். அதற்குப் பெயர் ப்ளாங்க். கழிக்காவிட்டால் கரைப்பானின் வேலையெல்லாம் சாம்பிளின் பெருமையாகிவிடும். எம்.எஸ்சி.யின் சம்பாத்தியம் 13,200 அல்ல, பி.எஸ்சி.யோடு நின்றிருந்தால் வந்திருக்கக்கூடியதைக் கழித்து மிஞ்சுவதுதான். என் ப்ளாங்க் அதே லேபில் உயிரோடு உட்கார்ந்திருந்தான். பி.எஸ்சி.யில் என் பெஞ்ச்காரன்; முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்தவன். நான் ட்ரெய்னியாக நுழைந்தபோது அவன் கையில் 13,500, தலையில் கடன் இல்லை. நான் எடை போட்டு எழுதிய தாளில் ‘சரிபார்த்தவர்’ கையெழுத்து அவனுடையது. “வாங்க முதுகலை” என்று கூப்பிட்டு டீ வாங்கித் தருவான். கழித்தால் மைனஸ் 300. லேபில் இப்படி ரீடிங் வந்தால் விசாரணை வைப்பார்கள்.

நியாயமாகச் சொன்னால், சில வருஷம் கழித்து மெத்தட் வேலிடேஷன் பக்கம் மாறியபோது எம்.எஸ்சி.க்கு மதிப்பு வந்தது. இப்போது அவனைவிடக் கூடுதலாக வாங்குகிறேன். ஆனால் அந்த மதிப்பு பட்டத்துக்குத்தான். ஒன்றரை லட்சம் வாங்கிய கல்லூரிக்கு இல்லை. அங்கே பிரவுச்சர் அட்டையில் மின்னிய என்.எம்.ஆர். கருவியைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் அக்கா மகன் எம்.எஸ்சி. சேர யோசனை கேட்டு வந்தான். கையில் எவ்வளவு வரும் என்று கேள், அதே கம்பெனியில் பி.எஸ்சி.காரனுக்கு எவ்வளவு என்று கேள் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். “சரி மாமா, திரும்பப் படிக்கணும்னா நீங்க படிப்பீங்களா?” என்றான்.

“படிப்பேன்டா. கவர்மென்ட் காலேஜ்ல, சில ஆயிரத்துல.”

உள்ளே பூண்டு உரித்துக்கொண்டிருந்த அக்காவின் குரல் வந்தது. “அப்பா அன்னிக்கு அதைத்தானே சொன்னாரு? நீதான் பிரவுச்சரைக் காட்டி அவர் வாயை அடைச்சே.”