சம்பளமும் ஷாக்கும்

திருப்பத்தூர்ப் பக்கம் எலக்ட்ரீஷியனின் வருமானத்தைத் தெரிந்துகொள்ள, அவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும். ஏணி இருந்தால் ஹெல்பர். டெஸ்டர் இருந்தால் வயர்மேன். வெறும் செல்போன் மட்டும் இருந்தால் கான்ட்ராக்டர். சம்பளம் இதே வரிசையில் ஏறும். ஷாக் அடிக்கும் வாய்ப்பு இதே வரிசையில் இறங்கும்.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவு 2 ஆண்டுப் படிப்பு. ஓம் விதியை மனப்பாடம் செய்துவிட்டு அப்ரண்டிஸாகப் போனால், 2019-இல் திருத்திய மத்திய விதிப்படி குறைந்தபட்ச உதவித்தொகை, படிப்பைப் பொறுத்து மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் என்று இருந்தது. அதே 2019-இல் மின்வாரியம் கேங்மேன் வேலைக்கு ஆள் கேட்டது. படிப்பு 5-ஆம் வகுப்பு. கம்பம் ஏறிக் காட்ட வேண்டும். பயிற்சிக் காலத்தில் மாதம் 15,000. ஓம் பாவம், அவருக்குக் கம்பம் ஏறத் தெரிந்திருக்காது.

ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளில் கணக்கு வேறு. டிரம்முக்குள் தோல் கிடக்கும்போது மோட்டார் நின்றால் "வாங்க சார், வாங்க" என்பார் முதலாளி. அது ஓடத் தொடங்கியதும், "என்னப்பா, இதுக்குப் போயி இவ்வளவா?"

ஆகவே தம்பிகளே, கூலியைப் பேசி முடித்துவிட்டு மெயின் சுவிட்சைப் போடுங்கள்.