வாடகைக் காடி இலக்கணம்: வடசிலாங்கூரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

மாடு வாங்கச் சுழி பார்க்கும் சாத்திரம் தமிழில் உண்டு. வீடு கட்ட மனையடி சாத்திரம் உண்டு. பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்பதற்குக்கூட நூல் உண்டு. மூன்று நாளைக்கு ஒரு வாடகைக் கார் எடுப்பதற்கு மட்டும் நூல் இல்லை.

இந்தக் குறை எல்லாரையும் ஒரே மாதிரி வாட்டுவதில்லை. கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, உலு சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து, பிழைப்புக்காகக் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டு, ஆண்டுக்கு ஒரு முறை தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு திரும்புகிறவர்களைத்தான் அது அதிகம் வாட்டுகிறது. வீட்டில் இருப்பது ஒரு சின்னக் கார். புறப்படுவது எட்டுப் பேர். மீதிக்கு வாடகைக் கார். எந்தக் கார் என்பதே ஆய்வுப் பொருள்.

2. வரலாற்றுப் பின்னணி

மலேசியாவில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது இந்த வட்டாரத்தில்தான். 1917இல், இன்றைய பெஸ்தாரி ஜெயாவை அடுத்த தென்னமரம் தோட்டத்தில், ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் கோன்கூர் பரிசு வாங்கியவரும் அவர்தான். இலக்கிய விமர்சகர்கள் நாவலோடு நின்றுவிட்டார்கள். அவர் நட்ட மரத்தின் சந்ததிகள் இன்றும் மட்டை முள்ளைத் தோட்டச் சாலையில் உதிர்த்து டயரைப் பதம் பார்க்கின்றன என்பதால், வாடகைக் கார் ஆய்வு ஃபோகோனியேயைத் தவிர்த்துவிட்டுத் தொடங்க முடியாது.

அடுத்த சான்று இதைவிட வலுவானது. 1993இல் தொடங்கப்பட்ட பெரோடுவா நிறுவனத்தின் ஆலை ரவாங்கை ஒட்டிய சுங்கை சோவில் இருக்கிறது. 660 சி.சி. கஞ்சில் 1994இலும் மைவி 2005இலும் அந்நிறுவனத்திலிருந்து வந்தன. வடக்கே பெர்னாம் ஆற்றைத் தாண்டிப் பேராக்கில் கால் வைத்தால் தஞ்சோங் மாலிம். அங்கே புரோட்டோன் ஆலை. ஆக, உலு சிலாங்கூர்த் தோட்டங்கள் இரண்டு தேசியக் கார்களுக்கும் நடுவில் கிடக்கின்றன. இவ்வளவு பக்கத்தில் கார் விளைந்தும் திருவிழா அன்று கார் கிடைக்காமல் அலைகிற மக்கள் வேறெங்கும் இருப்பார்களா என்பது தனி ஆய்வுக்கு உரியது.

3. ஐந்திணையும் கார் வகையும்

திணை ஒவ்வொன்றுக்கும் தெய்வம், உணவு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று கருப்பொருள் வகுத்த முன்னோர் ஊர்தியை விட்டுவிட்டார்கள். அந்த இடத்தை நிரப்ப வடசிலாங்கூரைப் போல வசதியான நிலம் வேறில்லை. அடுத்தடுத்த சில மாவட்டங்களுக்குள்ளேயே ஐந்து திணையும் வந்துவிடும்.

குறிஞ்சி: கோல குபு பாருவிலிருந்து புக்கிட் பிரேசருக்கு ஏறும் மலைப்பாதை. 1883இல் அணை உடைந்து பழைய கோல குபு வெள்ளத்தில் சிதைந்தது. பிற்பாடு வேறிடத்தில் கட்டிய புது ஊர்தான் 'பாரு'. மலைப்பாதையின் வளைவுகளில் ஐந்து பேர் ஏறிய 1.0 லிட்டர் அக்சியா மூச்சு வாங்கும். ஏர்கோனை அணைக்கலாமா என்று ஓட்டுபவர் கேட்பார், பின்சீட்டிலிருந்து பதில் வராது. இத்திணையின் உரிப்பொருள் புணர்தல். ஒவ்வொரு வளைவிலும் பின்சீட்டில் மூவர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து அதை மெய்ப்பிக்கிறார்கள். 1.5 லிட்டர் மைவி எடுப்பது நலம்.

முல்லை: ராஜா மூசா கரிமண் காடும் அதன் ஓரங்களும். உரிப்பொருள் இருத்தல். மழை பெய்த மாலையில் ஓரம் ஒதுங்கிய கார் சேற்றில் பதிந்தால், டிராக்டர் வரும்வரை இருத்தலே கதி.

மருதம்: தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல்வயல்கள். ஆண்டுக்கு இரண்டு போகம். கால்வாய்க் கரையை ஒட்டி ஒரு காரே தாராளமாகப் போகும் சாலைகள் இங்கே உண்டு. எதிரே இன்னொரு கார் வந்துவிட்டால் ஒருவர் பின்னால் எடுக்க வேண்டும். ஓட்டுவது கணவர், இறங்கி நின்று "இன்னும் வா, இன்னும் வா" என்று கை காட்டுவது மனைவி. மருதத்தின் உரிப்பொருள் ஊடல் என்று வகுத்தவர்கள் எதைக் கண்டு வகுத்தார்களோ, பொருத்தம் குறையவில்லை. நீளம் குறைந்த கார், பின்பக்கக் கேமரா இருந்தால் உத்தமம்.

நெய்தல்: கோல சிலாங்கூர், பாசிர் பெனாம்பாங், ஜெராம். இங்கே காரின் திறனைவிட அதை நிறுத்தும் இடமே முக்கியம். சாசாரான் கடற்பரப்புக்குப் படகில்தான் போக முடியும். 1907இல் எழுந்த கலங்கரை விளக்கம் நிற்கும் புக்கிட் மெலாவாத்தியில் வாரக் கடைசிகளில் சொந்த வாகனத்தைக் கீழே விட்டுவிட்டு டிராமில் ஏற வேண்டும். மேலே வெள்ளி முடி லுத்தோங் குரங்குகள் காத்திருக்கும். அவற்றின் குட்டிகள் மட்டும் ஆரஞ்சு நிறம். கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினி பார்க்கப் போகிறவர்கள் காரின் பெரிய விளக்கை அணைத்துவிடுவது மரியாதை. இத்திணைக்கு உரியது இரங்கல். ஜெராமில் வாங்கிய கருவாட்டின் மணம் காரை ஒப்படைக்கும்போதும் போகாமல் இருந்து, முன்பணத்தில் கழிக்கப்படும் தருணமே அது.

பாலை: தீபாவளிக்கு முந்திய நாள் ரவாங்குக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலை. பிரிதல் இங்கே நிகழும். இரண்டு காராகப் புறப்பட்டவர்கள் டோலில் பிரிகிறார்கள். ஒரு காரில் சோறு, மற்றதில் குழம்பு. டோலில் காசு வாங்குவதில்லை. வாடகைக் காரில் டச் என் கோ அட்டை இருக்கிறதா, இருந்தால் அதில் மிச்சம் எவ்வளவு என்று புறப்படும் முன்பே பார்க்காதவர் நிலை பாலையிலும் கொடிது.

4. விடுபட்ட ஆறாம் திணை

இவ்வைந்திலும் அடங்காதது தோட்டம். மலையும் அன்று, காடும் அன்று, வயலும் அன்று. ஆகவே இவ்வாய்வு தோட்டத் திணை என ஒன்றை முன்மொழிகிறது. தெய்வம் மாரியம்மனும் முனியாண்டியும். மரம் செம்பனை. பறவை கூகை, எலியை ஒழிக்கத் தோட்ட நிர்வாகங்களே பெட்டி வைத்து வளர்ப்பது. தொழில் பழம் வெட்டுதல். உரிப்பொருள் திரும்பி வருதல்.

இத்திணையின் சாலை செம்மண். வெயிலில் புழுதி, மழையில் வழுக்கல், நடுவில் மேடு, இருபுறமும் லோரிச் சக்கரம் அறுத்த பள்ளம். வெட்டிய பழக்குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கப் பார்க்கும் லோரிக்காரருக்கு எதிரே வருவது வாடகைக் கார் என்பது ஒரு பொருட்டல்ல. இறக்கிய ஸ்பிரிங்கும் ஒட்டுப் பட்டையுமாக அழகுபடுத்திய கார் முதல் மேட்டிலேயே வயிற்றைத் தேய்க்கும். பெரோடுவா அரூஸுக்குத் தரை இடைவெளி 220 மில்லிமீட்டர். அட்டவணையில் இந்த ஓர் எண்ணைப் பார்த்தால் போதும். இருக்கைத் தோலும் திரையின் அகலமும் தோட்டத் திணையில் செல்லாக் காசு.

5. தடையும் விடையும்

தடை: ஏழு பேருக்கு ஏழு இருக்கைக் கார் எடுத்தால் தீர்ந்ததே, இத்தனை ஆராய்ச்சி எதற்கு?

விடை: தீராது. என்னையெனின், 2022இல் வந்த புதிய அல்ஸாவில் ஏழு இருக்கையும் நிமிர்ந்திருக்கும்போது பின்பெட்டியில் மிஞ்சும் இடம் 137 லிட்டர். மூன்றாம் வரிசையை மடக்கினால் 498 லிட்டர். நான்கு கதவுச் சின்னக் காரான பெஸாவிலோ பின்பெட்டி மட்டும் 508 லிட்டர். அதாவது, ஏழு பேர் ஏறும் காரில் பொங்கல் பானை ஏறாது. பானை ஏறும் காரில் ஏழு பேர் ஏற முடியாது. சித்தப்பாவை ஏற்றுவதா, அண்டாவை ஏற்றுவதா என்ற இந்தச் சிக்கலைத் தயாரிப்பாளர்கள் ஒருவரும் விளம்பரத்தில் தொட்டதில்லை.

தடை: குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டால் இடம் மிச்சம் அல்லவா?

விடை: அந்தக் காலம் போயிற்று. பின்சீட்டுக்கும் இருக்கைவார் 2009 முதல் கட்டாயம். குழந்தைக்குத் தனி இருக்கை 2020 முதல் கட்டாயம். கஞ்சிலில் ஒரு லயமே ஏறி வந்த வீரக்கதைகளை இன்று செய்து காட்டினால் சமன் வரும்.

தடை: வாடகை ஒப்பந்தத்தில் 'செல்லப் பிராணி ஏற்றக் கூடாது' என்று இருந்தால், முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவலின் நிலை என்ன?

விடை: இதில் இரு கட்சிகள் உண்டு. நாளை குழம்பாகப் போவதைச் செல்லம் என்று எப்படிச் சொல்வது என்பது ஒரு கட்சி. குழம்பாகும் வரை அது எச்சமிடும், எச்சத்துக்குச் சீட்டு உறை கழுவும் கூலி உண்டு என்பது எதிர்க்கட்சி. இரண்டாவதே வலியது. சேவலை மோட்டார் சைக்கிளில் வரும் மைத்துனரிடம் ஒப்படைப்பதே வழக்கம். துரியானுக்கும் இதே விதி. பருவ காலத்தில் உலு யாம் பக்கம் போகிறவர்கள் அங்கேயே உட்கார்ந்து தின்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு ஏற வேண்டும்.

6. கள ஆய்வு: சாவி கைமாறும் இடம்

கோட்பாடு எவ்வளவு செம்மையாக இருந்தாலும் முடிவு நிகழ்வது கடை வாசலில். வழக்கமாக நடப்பது இது. கார் கொடுக்கும் தம்பி ஒரு கையில் சாவி, மறு கையில் கைப்பேசியோடு காரைச் சுற்றி வந்து படம் பிடிக்கிறார். எடுக்க வந்தவர் இடுப்பில் கை வைத்து, டயரை ஒரு உதை உதைத்துப் பார்க்கிறார். இந்த உதையால் என்ன தெரிகிறது என்று உதைத்தவரைக் கேட்கக் கூடாது.

"எத்தனை பேருண்ணே போறீங்க?"

"அஞ்சு பேருதான் தம்பி."

தம்பி தெருமுனையைப் பார்க்கிறார். அங்கே ஒரு அண்டா, இரண்டு பாட்டிமார், பூக்கூடை, நான்கு பிள்ளைகள்.

"எண்ணெய் மூணு கோடு இருக்குண்ணே. கொண்டாரும்போதும் மூணு கோடு இருக்கணும். தோட்டத்துக்குள்ள போறதுன்னா மெதுவா போங்க."

"தோட்டத்துக்கு யாரு போறா? டவுனுக்குத்தான்."

திரும்பி வரும்போது சக்கர வளைவில் ஒட்டியிருக்கும் செம்மண் உண்மையைச் சொல்லிவிடும். ஆகவே ஒப்படைக்கும் முன் காரைக் கழுவுவது நன்றியினால் அன்று, சான்றை அழிப்பதற்கு.

எண்ணெய்க் கோட்டிலும் ஒரு நுட்பம் புகுந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 30 முதல் பூடி95 திட்டத்தில் மானியப் பெட்ரோல் மைகார்டு உள்ள மலேசியருக்கே. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிய மச்சான் காரை எடுத்தால் மூன்று கோட்டையும் முழு விலையில் நிரப்ப வேண்டும். இதனால் திருவிழாப் பயணங்களில் உள்ளூர் மாப்பிள்ளையின் மதிப்பு வெகுவாகக் கூடியிருக்கிறது.

ஓட்டுநர் விஷயத்தில் மட்டும் விளையாட்டு ஆகாது. ஒப்பந்தத்தில் பெயர் எழுதாதவர் ஓட்டி மோதினால் காப்புறுதி கைவிரிக்கும். திருவிழா முடிந்த இரவில் "நான் ஓட்டுறேன், நீ தூங்கு" என்று சாவிக்குக் கை நீட்டும் தாய்மாமன் எவ்வளவு பாசமானவராக இருந்தாலும், சாவியைத் தரக் கூடாது.

7. முடிபு

தோட்டத் திருவிழாவுக்கு நான்கு பேரும் சாமானும் என்றால் பெஸா. ஏழு பேர் என்றால் அரூஸ். அண்டாவைக் கோயில் கமிட்டியிடமே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மலை ஏறுவதானால் 1.5 மைவி. வயலும் கடலும் மட்டும் சுற்றுவதானால் கிடைக்கிற சின்னக் கார் எதுவும் போதும். பத்துப் பேருக்கு மேல் என்றால் வாடகைக் காரை மறந்துவிட்டு, உரிய உரிமம் வைத்திருக்கும் வேன்காரரைப் பேசி அமர்த்துவதே சிக்கனம்.

தைப்பூசம், தீபாவளி, பள்ளி விடுமுறை மூன்றிலும் கார் கடைசி நேரத்தில் கிடைக்காது; ஒரு மாதம் முன்பே சொல்லி வையுங்கள். எடுக்கும்போது கீறல்களை நீங்களும் படம் பிடியுங்கள். உதிரி டயரில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். தோட்டத்து உள்சாலையில் டயர் ஒட்டும் கடை கிடையாது.