ரோல்ஸ் வெடித்தலும் ஈரக் கோட்பாடும்

பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, குடிபுகுதல், சங்கக் கூட்டம் என இலங்கைத் தமிழர் கூடும் நிகழ்வுகளில் தவறாது தட்டேறுவதும், தொராண்டோ, லண்டன், பாரிஸ் என அவர்கள் கடை வைத்த நகரங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கப்பெறுவதுமாகிய ரோல்ஸ் என்னும் பண்டம், உண்ணப்பட்ட அளவுக்கு ஆராயப்படவில்லை. அக்குறையை நீக்கப் புகுமுன் வரையறை ஒன்று வேண்டும். கோதுமை மாவையும் முட்டையையும் நீர்க்கக் கரைத்து மெல்லிய தோசையாக வார்த்து, அதனுள் உருளைக்கிழங்கும் இறைச்சியும் அல்லது மீனும் சேர்ந்த பிரட்டலை வைத்து, நாற்புறமும் அடைத்துச் சுருட்டி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டி, எண்ணெயில் பொரித்தெடுப்பது ரோல்ஸ் எனப்படும். அதே கறியை உருண்டையாகப் பிடித்துத் தூள் புரட்டினால் கட்லட். மாவுறையில் பிறை வடிவாக அடைத்துத் தூளின்றிப் பொரித்தால் பற்றிஸ். வரையறையில் ‘நாற்புறமும் அடைத்து’ என்பது அலங்காரத்துக்காகச் சேர்த்த தொடர் அன்று. அடைப்பு இல்லையேல் அது எண்ணெயில் கறி காய்ச்சியதாக முடியும்.

இப்பண்டத்தின் பூர்விகம் குறித்து அறிஞரிடையே, அதாவது மாலை வேளையில் தேநீர்க் கடைகளில் அமர்ந்திருப்போரிடையே, கருத்து வேற்றுமை நிலவுகிறது. இலங்கைக் கடைகள் பலவற்றில் இது ‘சைனீஸ் ரோல்ஸ்’ என வழங்குவதைக் கொண்டு சீன மூலம் காட்டுவார் உளர். அது பொருந்தாது; சீனரின் ஸ்பிரிங் ரோல் வெற்றுறையோடு நேரே எண்ணெயில் இறங்குவதன்றி, ரஸ்க் தூளை அறியாதது. தூள் புரட்டும் மரபைத் தேடுவோர் வேறு திசையில் செல்ல வேண்டும். போர்த்துக்கேயர் வெந்நீரில் கிளறிய மாவை வட்டமாக வெட்டி, இறால் கலவையை வைத்துப் பிறைபோல் மடித்து, முட்டையும் தூளும் பூசிப் பொரிப்பர். ஒல்லாந்தர் இறைச்சியைக் கெட்டிக் குழம்பாக்கி, ஆறவைத்து, உருட்டித் தூள் புரட்டுவர். அது அவர்களுக்குக் குரோக்கெட். இந்தோனேசியாவிலோ மெல்லிய தோசையில் கறியை அடைத்துச் சுருட்டி, முட்டையில் தோய்த்து, தூள் புரட்டிப் பொரித்த பண்டம் ‘ரிசோலெஸ்’ என்ற பெயரில் விற்கப்படுகிறது. யாழ்ப்பாணத்தவர் ஒருவர் ஜகார்த்தாவில் அதைக் கண்டால், உறைப்புக் காணாது என்ற ஒரே முறைப்பாட்டுடன் அதனை ரோல்ஸ் என ஏற்றுக்கொள்வார். போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைத் தமதாக்கியதும் ஒல்லாந்தர் ஜாவாவில் பத்தாவியா நகரை நிறுவியதும் 1619 என்னும் ஒரே ஆண்டில். யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது 1658இல். இவ்வாண்டுகளை அருகருகே வைப்பதனால் எதுவும் நிறுவப்படுவதில்லை. எனினும், இதைவிட மெல்லிய உறைக்குள் இதைவிடப் பெரிய முடிபுகளைச் சுருட்டிய ஆய்வேடுகள் உள.

பூர்விகம் எதுவாயினும் ஆகுக. வீட்டில் ரோல்ஸ் செய்வோரை வருத்துவது வெடிப்பு. தாச்சி எனப்படும் குழிந்த சட்டியில் இட்ட சிறிது நேரத்தில் ஒரு முனை பிளந்து, கறி வெளிப்பட்டு, எண்ணெய் நுரைத்துப் பொங்கி, பின்வரும் ரோல்ஸ் அனைத்திலும் கருகிய துணுக்குகள் ஒட்டிக்கொள்வதை வெடிப்பு என்ற கலைச்சொல்லால் குறிக்கலாம். இதற்கான பழி வழக்கமாக எண்ணெயின்மீதும், அடுப்பின்மீதும், ‘இந்த முறை மா சரியில்லை’ என்று மாவின்மீதும், ஆள் வசதியாக அகப்பட்டால் சுருட்டியவர்மீதும் சுமத்தப்படுகிறது. முதல் மூவரும் நிரபராதிகள், நான்காமவர் உடந்தையே, முதற்குற்றவாளி தண்ணீர். தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரிவதால், கறிக்குள் தங்கிவிட்ட ஒரே ஒரு தேக்கரண்டித் தண்ணீர் எட்டு லிட்டர் ஆவியாகும் உரிமையோடு உள்ளே காத்திருக்கிறது. அவ்வளவு ஆவியைத் தாங்கும் தோசையை இதுவரை எவரும் வார்த்ததில்லை.

இந்த ஈரம் உட்புகும் வழிகள் நுட்பமானவை. உருளைக்கிழங்கைத் தோல் சீவி வெட்டி அவித்தால் அது தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். ஆதலின் தோலோடு முழுதாக அவித்து, நீரை வடித்து, ஆவி பறந்தபின் உரித்து மசிப்பதே நெறி. இறைச்சியைச் சிறிதாக அரிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை ஆகியவற்றோடும் கறித்தூளோடும் சேர்த்து, குழம்பு முற்றும் வற்றி அகப்பை செல்லும் வழியெல்லாம் சட்டியின் அடி தெரியும்வரை பிரட்ட வேண்டும். ரின்மீன், அதாவது தகரத்தில் அடைத்து வரும் மீன், பயன்படுத்துவோர் அதன் நீரை வடித்துவிட வேண்டும்; ‘அதில்தானே ருசி’ என்று அந்நீரையும் சேர்த்து ஊற்றுவோர்க்கு இக்கட்டுரை உதவாது. தேசிக்காய்ப் புளி விடுவதாயின் சில துளிகளே. இவ்வளவும் செய்தபின் கறி முழுவதும் ஆற வேண்டும் என்பது விதி. விருந்தினர் வரும் நேரம் நெருங்கும் வீடுகளில் முதலில் மீறப்படுவதும் இதுவே. சூடாக வைத்த கறி உறைக்குள் வியர்க்க, வியர்வையில் உறை ஊறி, சுருட்டும் கையிலேயே கிழியும்.

கறி சட்டியில் வெந்துவிட்டது, உறை கல்லில் வெந்துவிட்டது. எனவே தாச்சியில் வேக வேண்டியது எதுவும் எஞ்சவில்லை, சிவக்க வேண்டியது மட்டுமே எஞ்சியுள்ளது. இதனை உணராது, ‘உள்ளே நன்றாக வேகட்டும்’ என்று மெல்லிய தீயில் நெடுநேரம் விடுவோர், ஆறி அடங்கிய கறியை மறுபடியும் கொதிக்க வைத்து, வெடிப்புக்கு அழைப்பிதழ் அனுப்புகின்றனர். ஏறத்தாழ 180 பாகை செல்சியஸில் மூன்று நான்கு நிமிடங்கள் போதும். முன்கூட்டியே செய்து உறைநிலைப் பெட்டியில் வைத்தவற்றுக்கு மட்டும் தீயைச் சற்றுத் தணித்து, நேரத்தைச் சற்றுக் கூட்டலாம். அவற்றை வெளியே எடுத்து உருக விடுவது, அரும்பாடுபட்டு விலக்கிய ஈரத்தை உறைமீது தானே பூசுவதாகும்.

உறை பற்றி விரித்துரைக்க அதிகம் இல்லை. 250 கிராம் கோதுமை மாவுக்கு ஒரு முட்டை, ஏறத்தாழ அரை லிட்டர் தண்ணீர், உப்பு. கரைத்து அரை மணி நேரம் வைத்தால் கட்டி கரைந்து மா இழுபடும். தோசையைத் திருப்பிப் போடுவதா கூடாதா என்பதில் இரு மரபுகள் உண்டு. ஒவ்வொரு மரபாரும் மற்றவரின் ரோல்ஸைக் குறைகூறியவாறே உண்பது கண்கூடு. ஓரத்தில் மாப்பசை தடவி ஒட்டுவதில் மட்டும் இரு திறத்தாரும் உடன்படுகின்றனர்.

தூளின் நிலை வேறு. பவணந்தியார் நன்னூலில் புணர்ச்சிக்கு உரைத்த தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்று விகாரங்களும் தாச்சிக்கும் செல்லும். ரோல்ஸ் எண்ணெயில் இறங்கியவுடன் அதைச் சுற்றிக் குமிழிகள் எழுவது தோன்றல். தூளிலும் முட்டையிலும் உள்ள ஈரம் ஆவியாகி வெளியேறுவதே அது, அந்த ஆவி வெளிநோக்கித் தள்ளும் வரை எண்ணெய் எளிதில் உட்புகாது. வெண்மை பொன்னாகிப் பின் கபிலமாவது திரிதல். புரதமும் சர்க்கரையும் வெப்பத்தில் கூடி நிறமும் மணமும் பிறப்பிக்கும் இவ்வினையை 1912இல் விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயார் பெயரால் அது மயார் வினை எனப்படுகிறது. தூள் பாளம் பாளமாகக் கழன்று எண்ணெயில் மிதப்பது கெடுதல். பூசிய கையோடு பொரிக்காமல் கால் மணி நேரம் குளிரில் வைத்தால், முட்டையின் ஈரம் தூளில் ஊறிப் பிடித்துக்கொள்வதால் மூன்றாவது விகாரம் பெரும்பாலும் நிகழாது. இனிப்பு ரஸ்க்கை இடித்துத் தூளாக்குவோரும் உளர். அதிலுள்ள சீனி முந்திக்கொண்டு கருகுமாதலால், திரிதல் அளவு கடந்து வேறொரு விகாரமாகும். காய்ந்த பாணை ஒன்றிரண்டாக இடிப்பதே தக்கது. மாவுபோல் அரைத்தால் மொறுமொறுப்பு இராது.

எண்ணெய் காய்ந்ததா என்பதைக் காண்டல், கருதல் என்னும் இரு அளவைகளால் அறியலாம். சிறிது தூளை இட்டவுடன் அது நுரைத்து மேலெழுவது காண்டல். அடுப்படியில் நிற்பவர், ‘இவ்வளவு நேரம் ஆயிற்றே, காய்ந்திருக்கும்’ என்று கொள்வது கருதல். பின்னதை நம்பிக் கெட்ட ரோல்ஸ் எண்ணில. ஒரே தடவையில் தாச்சி நிறைய இட்டால் எண்ணெயின் சூடு இறங்கும் என்பதும் அறிந்ததே, கடைப்பிடிக்கப்படாததே.

வெடித்தவை எங்கே போகின்றன என்ற வினாவும் எழும். கடைகளில், தட்டு நிறையச் சிற்றுண்டிகளை மேசையில் வைத்து, உண்டது போக எஞ்சியதை எண்ணிக் கணக்குப் பார்க்கும் வழக்கம் இருத்தலின், அங்கே வெடித்தவற்றுக்கு இடமில்லை. வீட்டிலோ அவை அடுப்படியைத் தாண்டுவதேயில்லை. முழுமையானவை கூடத்துக்குச் செல்ல, பிளந்தவை நின்ற நிலையிலேயே சமைத்தவர்களால் தீர்க்கப்படுகின்றன. சூடும் மொறுமொறுப்பும் குன்றாத அந்த முதற்கணத்தில் உண்ணப்படுவதால், அன்றைய ரோல்ஸுள் மிகச் சுவையானவை அவையே என்பதை அடுப்படியார் கூடத்தாருக்குச் சொல்வதில்லை.

எண்ணெயிலிருந்து எடுத்த பின்னர்தான் பெருமளவு எண்ணெய் உட்புகுகிறது. சூடு தணிய, உள்ளிருந்த ஆவி சுருங்கி, மேற்பரப்பில் நிற்கும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகையால் எடுத்தவுடன் உதறி, கம்பித் தட்டில் செங்குத்தாக நிறுத்தி வடியவிட வேண்டும். ‘ஆறிவிடும்’ என்ற அன்பினால் அவற்றைச் சூட்டோடு பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கி மூடியை அழுத்தி அடைப்போர், வெளியேற வழியற்ற ஆவி திரும்பித் தூளில் இறங்கி அதனை நமத்துப்போகச் செய்வதைத் தயவுசெய்து கருத்திற்கொண்டு, விருந்து முடியும்வரை அந்த மூடியை வேறு வேலைக்குப் பயன்படுத்துவாராக.