அம்மம்மாவுக்கு ஒரு டியூஷன்

வெள்ளவத்தையில் டியூஷனுக்குப் போகாதவர்கள் இரண்டே வகை: இன்னும் பிறக்காதவர்கள், அறுபதைக் கடந்தவர்கள். இலங்கையின் 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டப்படி அறுபது வந்தால் முதியவர். அதற்கு அடையாள அட்டையும் உண்டு. அதற்குமேல் படிக்க என்ன இருக்கிறது என்பது கனடாவிலுள்ள பிள்ளைகளின் தீர்ப்பு. "அம்மா, வீட்டில சும்மா இருங்கோ" என்பார்கள். மறுவாரமே, "அலுப்பாயிருந்தால் எங்கையாவது போட்டு வாங்கோ" என்பார்கள். அந்த 'எங்கையாவது' அநேகமாக முன்னேஸ்வரம் கோயில். வானுக்குள் மருந்துப் பை, சுடுதண்ணிப் போத்தல், போகவர முழங்கால் நோ பற்றிய கருத்தரங்கு. கல்விச் சுற்றுலா முடிந்தது.

அதே கனடாவின் டொரண்டோவில்தான் வேலணையில் பிறந்த வரதலெட்சுமி சண்முகநாதன், 2021இல் 87 வயதில், யோர்க் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பட்டத்தை வாங்கினார். அது அவருடைய இரண்டாவது முதுகலை! ஆராய்ந்தது இலங்கைப் போரையும் சமாதானத்தையும், முழங்காலை அல்ல. இங்கே களனிப் பல்கலைக்கழகத்திலோ அசிலின் தர்மரத்ன 97 வயதில் முதுகலைப் பட்டம் பெற்றார். இந்தச் செய்திகளை வட்ஸ்அப்பில் அம்மாவுக்கு அனுப்பி, கீழே கைகூப்பும் படமும் போட்டவர்கள் அதே பிள்ளைகள்தான். அம்மா படிக்கலாம் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெள்ளவத்தையிலேயே, 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. பிள்ளைகளே, அடுத்த மாதம் மருந்துக்குக் காசு அனுப்பும்போது இரண்டு கொப்பிக்கும் ஒரு பேனைக்கும் சேர்த்து அனுப்புங்கள்.