வலப்பக்க விரதம்

வெள்ளிக்கிழமை விரதம் தெரியும், சஷ்டி விரதம் தெரியும். வலப்பக்க விரதம் தெரியுமா? செராஸில் ஏதாவதொரு மாமாக் கடையில் காலை ஏழரை மணிக்குப் போய் உட்காருங்கள். ஒரு விரதக்காரராவது கண்ணில் படுவார். ரொட்டி சானாய் வரும். பிய்ப்பார், பருப்புக் குழம்பில் தோய்ப்பார், வாயில் போடுவார். போட்டதும் தலை மெல்ல இடது தோளுக்குச் சாயும், கச்சேரி கேட்பவர்போலக் கண் செருகும். விழுங்கி முடிக்கும்வரை தலை நிமிராது. தெரியாதவர்கள் கழுத்துச் சுளுக்கு என்பார்கள். விஷயம் வேறு. வலது கீழ்த்தாடையில் கடைசிக்கு முந்தின கடவாய்ப்பல்லில் ஐயாவுக்கு ஒரு குழி. அந்தப் பக்கம் சோறு தண்ணீர் போய் எட்டு மாதம் ஆகிறது.

இவரைக் கோழை என்று சொல்லிவிட முடியாது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் அலகு குத்திக்கொண்டவர். கன்னத்தில் வேல் ஏறியபோது இமைகூட அசையவில்லை என்று மச்சான் இன்றைக்கும் சாட்சி சொல்வார். ஆனால் அதே கன்னத்துக்கு உள்பக்கம் சுண்டுவிரல் நீள ஊசி ஒன்று வரும் என்று கேட்டாலே இவருக்கு அவசர வேலை வந்துவிடும். கஞ்சன் என்றும் சொல்ல முடியாது. காடியின் பிரேக்கில் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டால் அன்றைக்கே பட்டறைக்குக் கொண்டுபோய் விடுகிற மனிதர். வாயிலிருந்து சத்தம் வந்தால் மட்டும், "அடுத்த மாசம் பாக்கலாம்லா" என்பார்.

விரதத்துக்குப் படிகள் உண்டு. முதல் படி, பல் சுத்தம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய்ச் சுத்தம் செய்துகொள்ளச் சொல்லி மனைவி மன்றாடுவார். "ஸ்கேலிங் பண்ணா பல்லு ஆட ஆரம்பிச்சிரும். எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு" என்று இவர் ஆதாரத்தோடு மறுப்பார். பல்லில் படியும் அழுக்கைத் துலக்காமல் விட்டால் கல்லாக இறுகிக் காரையாகிறது. பிறகு எந்தப் பிரஷ்ஷுக்கும் அது அசையாது. காரை ஏற ஏற ஈறு கீழே இறங்கும், உள்ளே எலும்பும் கரையும். ஆடவேண்டிய பல்லை அந்தக் காரைதான் அக்கம்பக்கத்தோடு ஒட்டிப் பிடித்து வைத்திருக்கும். கறையான் தின்ற தூணுக்குக் களிமண்ணால் முட்டுக்கொடுத்தவன், களிமண்ணைத் தட்டியவன்தான் தூணைச் சாய்த்தான் என்று வழக்குப் போட்டானாம்.

இரண்டாவது படி, குழி. கறுப்பாக ஒரு புள்ளி, பிறகு கடுகளவு பள்ளம். பல்லின் மேலோடான எனாமலில் நரம்பு கிடையாது, அதனால் வலியும் கிடையாது. அரை மணி நேரத்தில் அடைத்து அனுப்பிவிடக்கூடிய காலம் இதுதான். பள்ளம் ஆழமில்லை என்றால் பெரும்பாலும் ஊசிகூட வேண்டாம். "வலிக்கலையே, எதுக்குப் போகணும்?" என்பார் இவர். பள்ளத்தில் கோழிக்கறி நார் சிக்கும். அதற்கென்று தனியாக ஒரு கருவித் தொகுதி உருவாகும்: முதலில் மாமாக் கடைப் பல்குச்சி, பிறகு மடித்த ரசீது, கடைசியில் பர்ஸில் நிரந்தரமாகக் குடியிருக்கும் யாரோ ஒரு காப்புறுதி ஏஜண்டின் பெயரட்டை. அதன் முனையின் கூர்மைக்கு ஈடு இல்லை என்பது இவர் கண்டுபிடிப்பு.

மூன்றாவது படி புதன்கிழமை இரவில் வரும். தாமான் கன்னாட் பாசார் மாலாமில் கூட்டத்தோடு நகர்ந்து, ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங் வாங்கி, முதல் கரண்டியை வாயில் வைத்ததும் மின்சாரம் பாய்ந்ததுபோல் ஒரு துள்ளல். பல்லில் கோளாறு என்று தோன்றவேண்டாமா? "ஐஸ் நமக்கு ஒத்துக்கல" என்று ஐஸை விட்டார். இரண்டு மாதம் கழித்துச் சூடும் ஒத்துக்கொள்ளவில்லை. தே தாரேயை வெதுவெதுப்பாகக் கேட்டார். அதை ஆற்றுவதையே ஒரு கலையாக வைத்திருக்கும் கடைக்காரர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். குளிர்ச்சி பட்டுச் சுரீரென்று தெறித்து உடனே நின்றால் இன்னும் அடைத்துத் தப்பிக்கலாம். சூடு பட்ட வலி நிமிடக்கணக்கில் விண்விண்ணென்று நின்றால் குழி உள்ளே நரம்பும் ரத்தமும் இருக்கும் பல்கூழை எட்டிவிட்டது. இரண்டையும் சேர்த்து இவர் வைத்த பெயர் "கூச்சம்".

நான்காவது படி நடுராத்திரி இரண்டு மணி. பகலெல்லாம் சும்மா இருந்த பல் படுத்ததும் எழுந்துகொள்கிறது. படுத்தால் தலைக்குப் பாயும் ரத்தத்தின் அழுத்தம் கூடும். உடம்பில் வேறெங்கே வீங்கினாலும் தோல் இடம் கொடுக்கும். பல்லுக்குள் நாலு பக்கமும் சுவர், வீங்க இடமில்லை, அகப்பட்டுக்கொண்ட நரம்பு அலறுகிறது. இவர் குசினியில் விளக்கைப் போடுவார். உப்புத் தண்ணீர், பெனடால், பொன்ஸ்தான், கடைசியில் கிராம்பு. கிராம்பைக் குறை சொல்ல முடியாது. அதிலுள்ள யூஜினால் மரக்கச் செய்யும். பல் மருத்துவர்களே தற்காலிக அடைப்பில் அதைக் கலப்பதுண்டு. அந்தக் கிளினிக்குகளில் நாம் கதவைத் திறந்ததும் வயிற்றைக் கலக்கும் வாசனையில் பாதி அதுதான். மரக்கச் செய்யுமே தவிர, குழியைத் தோண்டிச் சுத்தம் செய்யாது.

நான்காம் நாள் வலி நின்றுவிட்டது. அன்றைக்கு இவரைப் பார்த்திருக்கவேண்டும். மாமாக் கடையில் எல்லோருக்கும் தே தாரே வாங்கிக் கொடுத்தார். "பாத்தீங்களா, டென்டிஸ்ட்டுகிட்ட போயிருந்தா எத்தன வெள்ளி! எங்க தாத்தா தோட்டத்துல உமிக்கரி போட்டே வெளக்குனாரு." தாத்தா அறுபது வயதில் சோற்றைக் குழைத்துத்தான் சாப்பிட்டார் என்பதைச் சொல்லவில்லை. 1957-இல் ஜொகூரில் தொடங்கிப் பின்னர் நாட்டின் பெரும்பகுதிக்குப் பரவிய ஃப்ளோரைட் கலந்த குழாய்த் தண்ணீர் தன்னுடைய மற்றப் பற்களைக் காத்துவருவதும் இவருக்குத் தெரியாது. குரைத்துக்கொண்டிருந்த நாய் அடங்கியதும், திருடன் போய்விட்டான் என்று கதவைச் சாத்திப் படுத்தவர் இவர். திருடன் நாய்க்கு விஷம் வைத்திருந்தான். பல்லுக்குள் நரம்பு செத்துவிட்டது, அவ்வளவுதான்.

செத்த நரம்பு சும்மா கிடக்காது. மூன்று மாதம் கழித்து, அக்கா மகள் கல்யாணத்துக்கு முதல் நாள், வலது கன்னம் பன்போல உப்பியது. கல்யாண ஆல்பம் முழுக்க இவருக்கு இடது பக்கம் மட்டுமே உண்டு. பக்கத்துக் கிளினிக்கில் ஆண்டிபயாட்டிக் வாங்கி விழுங்கினார், வீக்கம் வற்றியது, மறுபடியும் வந்தது. மாத்திரை ரத்தத்தில்தான் பயணம் போகும். செத்த பல்லுக்குள் ரத்தம் ஏது? ஃபேஸ்புக்கில் ஒருவன் வீட்டுக்கே வந்து மலிவாகப் பல் கட்டித் தருவதாகச் சொன்னதையும் இவர் விசாரித்தார். "அவன் டாக்டரே இல்ல. 2018-ல வந்த பல் மருத்துவச் சட்டத்துல மூணு லட்சம் வெள்ளி வரைக்கும் அபராதம் இருக்கு. அவன் கம்பிக்குள்ள போறப்ப உங்க பல்லயும் கொண்டு போயிருவான்" என்று சொல்லி, மனைவி காடிச் சாவியை எடுத்தார்.

பல் டாக்டர் சின்னப் பெண், மலாய்க்காரர். "புக்கா பெசார் சிக்கிட், அங்கிள்" என்று வாயை அகலத் திறக்கச் சொன்னார். அலகுக்குத் திறந்த வாய் இரண்டு விரல்கூடத் திறக்கவில்லை. இனிப்பு நீர் உண்டா என்று கேட்டார். "கொஞ்சம்" என்றார் இவர், சீனி போடச் சொல்கிறவர்போல. கடைசியாகப் பல் காட்டியது எப்போது? இவர் விரல்விட்டு எண்ணினார். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கு வரும் பல் தாதியர் குழு. நியூசிலாந்தைப் பார்த்து 1949-இல் பினாங்கில் அந்தத் தாதியருக்குப் பயிற்சி தொடங்கியது. அவர்களுடைய வேன் வாசலில் நின்றால் பின்பக்கச் சன்னல் வழியாகக் குதிக்கும் பயிற்சி நம் பிள்ளைகளுக்குத் தானாக வந்தது.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, வேர் சிகிச்சை: அழுகிய கூழை எடுத்து, வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து அடைக்கவேண்டும். கீழ்க் கடவாய்ப்பல்லுக்கு அவை பெரும்பாலும் மூன்று. உள்ளே குடைந்த பல் விரிசல் விடும் என்பதால் மேலே உறை போடவேண்டும். இரண்டு மூன்று தடவை வரவேண்டும், செலவு ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். இன்னொன்று, பிடுங்குவது. "பிடுங்குறது எவ்ளோ?" என்று இவர் முந்திக்கொண்டார். பிடுங்கினால் பக்கத்துப் பல் இடைவெளியில் சாயும், மேல்பல் கீழே இறங்கும், பிறகு பாலம், பல்செட், இம்ப்ளாண்ட் என்று அது தனிக் கணக்கு என்றார் டாக்டர். காப்பாற்ற முடியாத அளவுக்கு உடைந்த பல்லைத்தான் பிடுங்கவேண்டுமாம்.

"எட்டு மாசத்துக்கு முன்னாடி வந்திருந்தா அடச்சே அனுப்பியிருப்பாங்க" என்றார் மனைவி. "கவர்மெண்ட் கிளினிக்ல ஒரு வெள்ளிக்கு நம்பர் எடுத்திருக்கலாம்." அங்கே வரிசையில் நிற்க முடியாது என்று அப்போது சொன்னவர் இவர். ஞாயிற்றுக்கிழமை நாசி லெமாக்குக்கு முக்கால் மணி நேரம் நிற்பவரும் இவரேதான்.

மனைவி முடிவு செய்தார், வேர் சிகிச்சை. ஊசி எறும்புக் கடிபோல இருந்தது. இரண்டாவது தடவை போனபோது நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். குறட்டையால் வாய் தானாகவே திறந்துகொண்டது, டாக்டருக்கு வேலை சுலபம். கிளம்பும்போது ரசீதை மறக்காமல் கேட்டு வாங்கினார். 2024 முதல் பல் செலவில் ஆயிரம் வெள்ளி வரைக்கும் வருமான வரியில் கழிக்கலாம் என்பதை இந்த எட்டு மாதத்தில் யாரும் சொல்லாமலே தெரிந்துவைத்திருந்தார்.

இப்போது மாமாக் கடையில் இவர்தான் பல்லுக்குப் பிரசாரகர். "ஆறு மாசத்துக்கு ஒரு தடவ போய்க் காட்டிரணும்லா. வலிக்கிற வரைக்கும் காத்திருக்கிறவன் முட்டாள்." தலை நேராக நிற்கிறது, ரொட்டி இரண்டு பக்கமும் போய் வருகிறது. அடுத்த சந்திப்புக்கான தேதி எழுதிய அட்டையை டாக்டர் கொடுத்திருந்தார். அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். தேதி போன மாதமே கடந்திருந்தது. கேட்கலாமென்று வாயெடுத்தேன். அதற்குள் இவர் அட்டையின் முனையை நேர்த்தியாக மடித்து, இடது பக்கக் கடவாய்ப்பல்லில் சிக்கியிருந்த கோழிக்கறி நாரைக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.