சிங்கம் ஐயா, அசையாதீங்க!

நைரோபி,
ஞாயிறு இரவு

அன்புள்ள அத்தானுக்கு,

  சாரல் பிச்சு உதறுதாமே, ஐந்தருவியில் கால் வைக்க இடமில்லையாமே. சீசன் நேரத்தில் குற்றாலத்தை விட்டுவிட்டுக் காய்ந்த புல்லைப் பார்க்கப் போன மடையன் நான் ஒருத்தன்தான்.

நீங்கள் கேட்ட சிங்கப் படம் இத்துடன் வருகிறது. உங்கள் ஸ்டூடியோ வாசலில் ஆறடிக்கு நாலடியில் மாட்டப்போவதாகச் சொன்னீர்கள். உறையைப் பிரிக்குமுன் கடிதத்தை முழுசாகப் படித்துவிடுங்கள். அக்கா கேட்டால் மிருகக்காட்சி சாலையில் எடுத்தது என்று சொல்லிவிடுங்கள்.

சிங்கம் பார்க்கப் போன மசாய் மாராவுக்கு இங்கிருந்து ஐந்தாறு மணி நேரம். கூரை திறக்கிற லேண்ட் குரூசர். டிரைவர் மசாய்க்காரர், என்னைவிட ஒரு முழம் உயரம். நான் மூட்டையும் முடிச்சுமாக அவசரமாய் ஏறினதைப் பார்த்து "போலே, போலே" என்றார். நம்ம ஊரில் அது 'போடா' அல்லவா, எனக்குச் சுருக்கென்றது. காசையும் கொடுத்து 'போலே' என்று பேச்சும் வாங்கவா தென்காசியிலிருந்து புறப்பட்டு வந்தேன்? வந்து மூன்று மாதத்தில் நான் படித்த சுவாஹிலி காய்கறிக் கடையோடு சரி. அந்த பாஷையில் 'மெள்ள, மெள்ள' என்று அர்த்தமாம். மனுஷர் மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார். மூன்று நாளும் அவர் 'போலே' என்றபோதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு தரம் ரோஷம் வந்து வந்து அடங்கியது.

சிங்கம் கிடைப்பது கஷ்டமே இல்லை அத்தான். முதல் நாள் உச்சிவெயிலிலேயே ஏழெட்டு கிடந்தன. கிடந்தன என்றுதான் சொல்ல வேண்டும். நாளில் இருபது மணி நேரம் தூங்குகிற ஜந்து அது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டூடியோ ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு பெஞ்சில் சாய்வீர்களே, அதே தோரணை. இதற்கு நாலு காலும் வானத்தைப் பார்த்து இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். வெளிச்சம் என்றால் அப்படி ஒரு வெளிச்சம்! ஆனால் எடுத்தால் படத்தில் வயிறு மட்டும்தான் விழும்.

அது எழுந்திருக்கிற நேரம் சூரியன் இறங்கின பிறகு. நம்ம ஊரில் சூரியன் மலைக்குப் பின்னால் போனாலும் வெளிச்சம் வாசலில் நின்று பேசிக்கொண்டே இருக்கும். இங்கே பூமத்திய ரேகை பக்கத்திலேயே ஓடுகிறது. கல்லைக் கிணற்றில் போட்ட மாதிரி சூரியன் நேரே உள்ளே போய்விடும். சிங்கத்துக்குக் கவலையில்லை. அதன் கண்ணுக்குள் பின்பக்கம் கண்ணாடி போல ஒரு படலம் உண்டு. வந்த ஒளியைத் திருப்பி அனுப்பி இரண்டாம் தரமும் பயன்படுத்திக்கொள்ளும். எனக்கு இருந்தது வாடகை லென்ஸ்.

400 மில்லிமீட்டர், எஃப் 5.6. அந்த நீளத்துக்குக் கை ஆட்டம் தெரியாமலிருக்க 400-ல் ஒரு பங்கு செகண்டாவது வேண்டும் என்பது நீங்கள் சொல்லிக்கொடுத்த பாடம்தான். அந்த வேகம் வைத்தால் ஐ.எஸ்.ஓ. 12,800 கேட்டது. 400 ஏ.எஸ்.ஏ. ஃபிலிமை வைத்துக்கொண்டு தாலிகட்டுக்கு உயிரைக் கையில் பிடித்த தலைமுறை நீங்கள்; 12,800 என்றால் சிரிப்பீர்கள். படத்தில் ரவையைக் கொட்டிய மாதிரி இருந்தது. எஃப் 2.8 லென்ஸ் இதைப் போல நாலு பங்கு வெளிச்சம் வாங்கும். அது விற்கிற விலைக்கு வீட்டுக்கு மாடி எடுத்துவிடலாம். ஃப்ளாஷ் போட்டுத் தொலைத்தால் என்ன என்று கேட்டேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார். 'போலே' கூடச் சொல்லவில்லை. இருட்டுவதற்குள் வண்டிகள் கூடாரத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது வேறு சட்டம். ராத்திரிச் சவாரி வேண்டுமென்றால் பக்கத்திலுள்ள தனியார் காப்புநிலங்களுக்குப் போய், சிவப்பு விளக்கில்தான் பார்க்க வேண்டும்.

லென்ஸை வண்டி விளிம்பில் ஆடாமல் வைக்க ஒரு மூட்டை வேண்டும். உங்கள் மைத்துனன் மனைவி இரண்டு கிலோ துவரம்பருப்பைத் தலையணை உறையில் போட்டுத் தைத்துக் கொடுத்தாள். திரும்பி வந்ததும் எண்ணி வாங்கிக்கொள்ளாத குறை.

இரண்டாம் சாயங்காலம் ஒரு ஆண் சிங்கம் பதினைந்து அடியில் எழுந்து நின்றது. பிடரி, புழுதி, மூக்கில் ஒரு பழைய தழும்பு, அதன்மேல் இரண்டு ஈ. அத்தான், அவ்வளவும் என் கண்ணில் விழுந்தது. கேமராவின் கண்ணிலோ அதற்கு முன்னால் ஆடிய ஒரே ஒரு புல் விழுந்தது. முப்பது படம் எடுத்திருக்கிறேன். அந்தப் புல்லின் ரோமம் வரைக்கும் எண்ணலாம். பின்னால் மஞ்சளாக ஏதோ மூட்டம்.

ராத்திரி கூடாரத்தில் தூக்கம் வரவில்லை. தூரத்தில் ஒன்று கர்ஜித்தது. எட்டு கிலோமீட்டர் வரை கேட்குமாம், எனக்குக் கட்டிலுக்கடியில் கேட்டது. 1898-ல் இந்த நாட்டில் ரயில் பாதை போட வந்த நம் இந்தியக் கூலியாட்களை இரண்டு சிங்கங்கள் மாதக்கணக்காகக் கூடாரத்திலிருந்தே இழுத்துப்போன கதை அந்த நேரம் பார்த்து ஞாபகம் வர வேண்டுமா? நடந்த இடம் சாவோ. பேரிலேயே வைத்திருக்கிறான் பாருங்கள். அந்த இரண்டும் இப்போது சிகாகோ மியூசியத்தில் பஞ்சடைத்து நிற்கின்றன என்பதுதான் ஒரே ஆறுதல். ஆச்சியிடம் ஒன்று சொல்லுங்கள். தேய்பிறையில் பயணம் கிளம்பாதே என்பாளே, அதில் விஷயம் இருக்கிறது. நிலா வெளிச்சத்தில் வேட்டை சரியாக அமையாமல், பௌர்ணமி கழிந்த நாட்களில்தான் சிங்கம் அதிகமாக மனுஷர்மேல் பாய்கிறது என்று தான்சானியாவில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நான் போனது பௌர்ணமிக்கு மூன்றாம் நாள்.

கடைசிச் சாயங்காலம். அதே தழும்புக்காரர், படுத்தபடி தலையை மட்டும் நிமிர்த்தி எங்களைப் பார்த்தார். வேகத்தை 25-ல் ஒரு பங்குக்கு இறக்கினேன். சிற்றருவியில் நீங்கள் இப்படி வைத்து எடுத்தால் தண்ணீர் பாலாக வழியும். சிங்கம் பாலாக வழியக்கூடாதே! ஆட்டோவை அணைத்து, வளையத்தைக் கையால் திருப்பி, கண்ணைப் பிடித்து, பருப்பு மூட்டைமேல் லென்ஸை அழுத்தி, மூச்சை அடக்கினேன். என்னையறியாமல் உங்கள் குரல் என் வாயில் வந்துவிட்டது: "ஐயா, கொஞ்சம் அசையாதீங்க... இங்க பாருங்க."

பார்த்தது அத்தான், சத்தியமாகப் பார்த்தது. நான் பொத்தானை அழுத்தவும் அது கொட்டாவி விடவும் சரியாக இருந்தது.

அதைத்தான் அனுப்பியிருக்கிறேன். எந்தப் பக்கம் மேலே என்று பின்னால் அம்புக்குறி போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்