கீழே போகும் பெட்டி, மேலே வரும் நான்

பழனி மலைக்கு லக்கேஜ் தூக்கி வந்த முதல் ஆள் இடும்பன். அகத்தியர் கேட்டாரென்று சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைப் பிரம்மதண்டத்தின் இரு முனையிலும் பாம்புகளால் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு தெற்கே கிளம்பியவர், ஆவினன்குடிப் பக்கம் வந்ததும் அப்பாடா என்று இறக்கி வைத்தார். திரும்பத் தூக்க வரவில்லை. மலைமேல் ஒரு சிறுவன் நின்றது, சண்டை மூண்டது, காவடி பிறந்தது எல்லாம் பிற்பாடு. குடும்பஸ்தன் கண்ணில் படுவது வேறு. லிஸ்ட் போட்டவர் ஒருவர், தூக்கியவர் இன்னொருவர். அகத்தியருக்கு மூச்சு வாங்கியதாகக் கதையில் எங்கேயும் வரவில்லை.

எங்கள் வீட்டில் அகத்தியர் ஸ்தானம் என் மனைவிக்கு. மற்ற ஸ்தானத்துக்குப் போட்டியில்லை.

எங்கள் கொடைக்கானல் மலைக்கு மூட்டை முடிச்சு ஏறிய சரித்திரமும் இப்படித்தான். 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள், கீழே வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தாக்குப்பிடிக்க முடியாமல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து துரைமாரும் அம்மணிகளும் குதிரையிலோ டோலியிலோ ஏறினார்கள். அவர்களுடைய டிரங்குப் பெட்டிகள் கூலியாட்களின் தலையில் ஏறின. 1875-ல் அம்மையநாயக்கனூருக்கு, அதாவது இன்றைய கொடைரோடு ஸ்டேஷனுக்கு, ரயில் வந்த பிறகும் தலைகளுக்கு விடுதலை இல்லை. மேஜர் லா என்பவர் பெயரால் லாஸ் காட் என்று சொல்கிறோமே, அந்த மலைப்பாதை முதல் உலகப்போர்க் காலத்தில் திறந்த பிறகுதான் மோட்டார் மேலே வந்தது.

அத்தனை காலமும் பெட்டிக்குச் சக்கரம் வைக்க வேண்டுமென்று அந்தத் துரைமாருக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? தேய்ந்தது வேறொருவர் உச்சந்தலை. அமெரிக்காவில் பெர்னார்ட் சாடோ என்பவர் தன் பெட்டியைத் தானே தூக்கி அலுத்துப்போய் 1970-ல் அதற்குச் சக்கரம் மாட்டினார், 1972-ல் காப்புரிமை வாங்கினார். நிமிர்த்தி வைத்து, கைப்பிடியை உருவி இழுத்துப் போகிற இன்றைய வடிவத்தை 1987-ல் செய்தவர் ராபர்ட் பிளாத் என்ற விமானி. இருவரும் நாயுடுபுரம் வந்ததில்லை என்பது அவர்கள் வேலையைப் பார்த்தாலே தெரிகிறது.

நாங்கள் இருப்பது நாயுடுபுரத்தில். ரோட்டிலிருந்து வீட்டுக்குப் படியேறித்தான் போக வேண்டும். அந்தப் படிகளைக் கட்டியவர் ஒவ்வொரு படியையும் ஒவ்வொரு மனநிலையில் கட்டியிருக்கிறார்.

கொடைக்கானல்காரர்களுக்கு உலகத்தில் ஊர்கள் இரண்டே: மேலே, கீழே. மேலே என்றால் நாங்கள். கீழே என்றால் வத்தலக்குண்டில் தொடங்கி நியூயார்க் வரை. கண் ஆபரேஷன் கீழே, கல்யாணம் கீழே, மகன் சென்னையில், மகள் கோயம்புத்தூரில், சொந்தக்காரர்கள் மதுரை முழுக்க. ஊருக்கெல்லாம் கோடை வாசஸ்தலமான இடத்தில் குடியிருந்துகொண்டு, வருஷத்தில் பாதி நாள் பெட்டியும் கையுமாகக் கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றுகிறோம். ஆகவே நல்ல பெட்டி தேவை. உழைக்க வேண்டும், விலை கடிக்கக் கூடாது. எந்தச் சாமான் வாங்குவதானாலும் முன்னதாக அதைப் பற்றி முழுக்கப் படித்துவிடுவது என் வழக்கம். வாங்குவது மனைவி.

அப்படிப் படித்ததில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பிரசங்கம் செய்தேன். ஏபிஎஸ் பெட்டி பளபளப்பு, விலையும் சல்லிசு, ஆனால் விறைப்பான பிளாஸ்டிக். மூலையில் பலமாக அடி பட்டால் விரிசல் விடும். பாலிகார்பனேட் அடி வாங்கினால் உள்ளே அமுங்கி மறுபடி புடைத்துக்கொள்ளும், ஆனால் விலை ஒரு படி மேலே. பாலிபுரொப்பிலீன் நம் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியின் பங்காளி. வளையும், சட்டென்று உடையாது. துணிப் பெட்டி என்றால் டெனியர் பார்க்க வேண்டும். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுதான் டெனியர். எண் கூடக் கூட நூல் தடிமன். ஒரே எண்ணாக இருந்தால் பாலியெஸ்டரை விட நைலான் கூடுதல் உழைக்கும். இவ்வளவும் சொல்லி முடித்து ரசத்துக்குக் கை நீட்டினேன்.

“இதுல எது படியேறும்?” என்றாள்.

ரசம் வர நேரமாகும் என்று புரிந்தது.

நான் முதலில் தேர்ந்தெடுத்தது நாலு சக்கரப் பெட்டி. கடையின் வழவழத் தரையில் ஒரே விரலால் தள்ளினேன். பக்கவாட்டில் போனது, சுற்றியது, என்னையே வலம் வந்தது. நான் சொன்னபடி எதுவோ கேட்கிறது என்ற புது உணர்ச்சியில் பில் போடச் சொல்லிவிட்டேன். கொடைக்கானலில் சமதளம் என்று ஒன்று உண்டென்றால் அது ஏரித் தண்ணீர்தான். அதுவும் 1863-ல் வெர் ஹென்றி லெவிஞ்ச் அணை போட்டு ஏற்படுத்தியது. மீதி ஊர் முழுக்க ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏரிப் பக்கம் இறங்கும் சரிவில், மஃப்ளரைச் சரிசெய்வதற்காகக் கைப்பிடியை விட்டேன். அவ்வளவுதான். பெட்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு கயிறு அவிழ்ந்த கன்றுக்குட்டி மாதிரி கிளம்பியது. வாடகை சைக்கிள்காரப் பையனைத் தாண்டியது. சவாரிக் குதிரை ஒன்று மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது. நான் “பெட்டி! பெட்டி!” என்று கத்திக்கொண்டே ஓடினேன், சுற்றுலா வந்த குடும்பமொன்று அதை ஏதோ உள்ளூர் வியாபாரம் என்று நினைத்து, என்ன விலை என்று கேட்டது. கடைசியில் மக்காச்சோளம் சுடுகிற வண்டிச் சக்கரத்தில் முட்டி நின்றது. கரித்தணலை விசிறிக்கொண்டிருந்த அம்மா விசிறியை நிறுத்தாமலே, “பெட்டி வந்திருச்சு சார். நீங்க மெதுவா வாங்க” என்றார்.

பஸ்ஸிலும் அதே குணம். மலையிறங்கும்போது பெருமாள்மலையில் கடைசி சீட்டோரம் நான் நிறுத்திய பெட்டி, ஊத்து வருவதற்குள் நடைபாதை வழியே நகர்ந்து நகர்ந்து கண்டக்டரிடம் போய்ச் சேர்ந்தது. “டிக்கெட் எடுக்க வந்திருக்கு. யாரோடது?” என்று கேட்டார். நான் ஜன்னல் வழியே இயற்கையை ரசித்தேன். மனைவி என்னைச் சுட்டிக் காட்டினாள்.

இரண்டு சக்கரப் பெட்டிக்கு இந்தச் சுதந்திர தாகம் இல்லை. சாய்த்தால் நகரும், நிமிர்த்தினால் நிற்கும். சக்கரம் பாதி உடம்புக்குள் புதைந்திருப்பதால் கண்ட இடத்தில் இடித்துக்கொண்டு கழன்று போவதும் குறைவு. ஏர்போர்ட்டிலேயே வாழ்கிறவர்கள் நாலு சக்கரம் வாங்கட்டும். மலையடிவாரத்துக் காட்ரோட்டில் பஸ் மாறுகிறவர்களுக்கு இரண்டு போதும் என்பது என் கட்சி.

உயரத்துக்கென்று ஒரு தனிக் கோளாறு இருக்கிறது. ஏழாயிரம் அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கும் கொஞ்சமும்தான். வத்தலக்குண்டில் மெலிந்து கிடந்த சிப்ஸ் பாக்கெட் பெருமாள்மலை வருமுன் உப்பிவிடும். இறுக்கி மூடிய ஊறுகாய் பாட்டிலுக்குள் அடைபட்ட காற்றும் அதே வேலையைத்தான் செய்யும்; பாட்டில் உப்ப முடியாது என்பதால் மூடியோரம் எண்ணெயைத் தள்ளும். மாமியார் மதுரையிலிருந்து கொடுத்துவிட்ட எலுமிச்சை ஊறுகாய் ஒரு முறை அப்படி வழிந்தது. அன்றைக்குத்தான் பெட்டியின் தரம் தெரிந்தது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அத்தனையையும் என் சட்டைகள் வாங்கிக்கொண்டன. அடுத்த அடுக்கிலிருந்த பட்டுப்புடவையில் ஒரு புள்ளி படவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். பெட்டி அடுக்கியது யார் என்று கேட்காதீர்கள்.

பயணம் இல்லாத நாளிலும் பெட்டிக்கு ஆபத்துதான். ஐப்பசி மழையில் பரணில் மூடி வைத்தால் மார்கழியில் திறக்கும்போது பூஞ்சணம் பூத்திருக்கும். துணிப் பெட்டிகளின் உட்புறம் பூசுகிற பாலியூரித்தேன் பூச்சு ஈரக்காற்றில் மெல்ல மெல்லச் சிதைந்து, முதலில் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உதிரும். ஒரு கல்யாண வீட்டில் நான் போட்டிருந்த கறுப்புக் கோட்டைப் பார்த்து, “பொடுகுக்கு எதுவும் வைத்தியம் பாக்கலையா மாமா?” என்று மச்சினன் சபையில் விசாரித்தான். பெட்டியைத் திறந்தே வைத்து, உள்ளே வேப்பிலையும் பழைய செய்தித்தாளும் போட்டு, வெயில் அடிக்கிற அபூர்வ நாட்களில் வெளியே காய வைப்பது நல்லது. எங்கள் வீட்டில் இந்தத் துறை என்னுடையது. இதே பரணில், எங்கள் கல்யாணத்துக்குச் சீராக வந்த வி.ஐ.பி. சூட்கேஸும் இருக்கிறது. பழைய கம்பெனி. நாசிக்கில் வார்த்த பெட்டிகள் ஒரு காலத்தில் இல்லாத கல்யாணமே இல்லை. சக்கரம் கிடையாது, ஜிப் கிடையாது, தாழ்ப்பாள் இரண்டும் இன்னமும் ‘டக்’கென்று அடிக்கின்றன. வீட்டுப் பத்திரம், ஜாதகங்கள் எல்லாம் அதற்குள். பழசின் பெருமையை நான் எடுத்துச் சொன்னால் மனைவி என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள்.

நான் படித்த எல்லாவற்றையும் விட உபயோகமான பாடத்தை மதுரையில் பை ரிப்பேர் செய்கிற ஒரு பெரியவர் சொல்லித் தந்தார், ஒரு ஜிப் ரன்னர் மாற்றுகிற நேரத்தில். ஜிப் போய்விட்டது என்று நாம் தூக்கியெறிகிற பைகளில் முக்கால்வாசியில் பல் நன்றாகத்தான் இருக்குமாம். ரன்னர்தான் வாய் பிளந்திருக்கும். குறடால் லேசாக ஒரு அமுக்கு அமுக்கினால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். “சக்கரத்தைக் கவுத்துப் பாருங்க சார். ரிவெட் அடிச்சிருந்தா வேணாம். ஸ்குரு போட்டிருந்தா எடுங்க. தேஞ்சா நான் மாத்தித் தருவேன். ரிவெட்டை நான் நோண்டுனா பெட்டியே போயிரும்” என்றார். கைப்பிடியைக் கடைசிவரை உருவி ஆட்டிப் பார்க்கவும் சொன்னார். புதுசிலேயே லொடலொடத்தால் அது திருந்தாதாம். வாரன்டி அட்டையை எடுத்துக் காட்டினேன். வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். உற்பத்திக் குறைபாட்டுக்கு மட்டும்தான் பொறுப்பு, தேய்மானத்துக்கும் பயணத்தில் படும் அடிக்கும் கிடையாது என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. “பெட்டியைப் பரணிலயே வெச்சிருந்தா வாரன்டி உண்டு” என்று திருப்பிக் கொடுத்தார்.

விலை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பத்தாயிரம் என்று அச்சடித்து, அறுபத்தைந்து சதவீதத் தள்ளுபடி என்று சிவப்பில் எழுதித் தொங்கவிடுகிறார்கள். அந்தப் பெட்டி என்றைக்காவது ஒரு நாள், ஒரு மணி நேரம், பத்தாயிரத்துக்கு விற்றிருக்குமா? தள்ளுபடியைப் பார்க்காமல் கடைசித் தொகையை மட்டும் பார்க்க வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு மூவாயிரம், நாலாயிரத்துக்குள் நடுத்தர அளவில் ஒன்று போதும். பெரிதாக வாங்கினால் சில்லறைப் பைகள் குறையும் என்று நினைப்பவர்கள் கல்யாணம் ஆகாதவர்கள். ஸ்லீப்பர் கோச்சில் தலைக்கு நாற்பது கிலோ இலவசமாகக் கொண்டுபோகலாம் என்று ரயில்வே விதியை ஒரு நாள் வாசித்துக் காட்டினேன். ரயில்வே அதை வரம்பாகத்தான் வைத்திருக்கிறது. என் மனைவி இலக்காக எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து சென்னைக்கு மலைப்பூண்டு, கேரட், பேரிக்காய், யூகலிப்டஸ் தைலம் எல்லாம் அதனதன் மஞ்சப்பையில் போகின்றன; பாண்டியன் எக்ஸ்பிரஸில் திரும்பி வரும்போது, விடிவதற்கு முன் கொடைரோட்டில் ரயில் நிற்கிற சொற்ப நேரத்தில், மகன் கொடுத்த ஏதேதோ இறங்குகின்றன. கடைசியாக நானும் இறங்குகிறேன்.

சென்ற மாதம் மதுரையில் புதுப் பெட்டி வாங்கப் போனோம். நான் கடைப்பையனிடம் டெனியர் கேட்டேன். பெட்டியைக் கவிழ்த்து ஸ்குரு பார்த்தேன். ஜிப்பை ஏழெட்டுத் தரம் ஓட்டினேன். பையனுக்கு என்மேல் ஒரு பயம் வந்து, ஓனரைக் கூப்பிட்டான். அதற்குள் மனைவி, கையோடு வாங்கி வந்திருந்த பத்துக் கிலோ அரிசிச் சிப்பத்தை எடுத்து ஒரு துணிப் பெட்டிக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

“தம்பி, மாடி இருக்கா?”

“இருக்கு மேடம். குடோன்தான், ரெண்டு மாடி.”

என்னைப் பார்த்தாள். “என்னங்க, ஒரு தடவை ஏறி இறங்கிட்டு வாங்க.”

ஓனர் நாற்காலி போட்டு வைத்திருந்தார், தண்ணீர் தயாராக இருந்தது. நான் இறங்கி வந்து சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்ததும் மனைவி பதற்றத்தோடு அருகே வந்தாள். குனிந்து, பெட்டியின் கைப்பிடித் தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

“தாங்குது. பில் போடுங்க” என்றாள்.

இலவசமாகக் கழுத்துக்குத் தலையணை ஒன்று கொடுத்தார்கள். இரண்டு கையிலும் சாமான் இருந்ததால் அதை அங்கேயே என் கழுத்தில் மாட்டிவிட்டாள். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வரை அப்படியே நடந்தேன். வழியில் தெரிந்தவர்கள் மூன்று பேர் நின்று, கழுத்தெலும்பு தேய்மானமா, எந்த டாக்டரிடம் காட்டுகிறீர்கள் என்று விசாரித்தார்கள்.